தச்செறும்பும் ஈர மரமும்

வட அமெரிக்காவில், கிழக்கே அட்லாண்டிக் கரை தொடங்கி மேற்கே பசிபிக் கரை வரையில், குடும்பங்கள் வசிக்கும் தனி வீடுகளில் பெரும்பாலானவை பைன், ஸ்ப்ரூஸ், ஃபர் முதலிய மென்மரங்களின் சட்டங்களை வரிசையாக நிறுத்தி, உட்புறம் ஜிப்சம் பலகையும் வெளிப்புறம் ஒட்டுப்பலகையும் அறைந்து, இடைவெளியில் குளிரைத் தடுக்கும் கண்ணாடிப் பஞ்சைத் திணித்து எழுப்பப்பட்டவை. அப்படி எழுப்பப்பட்ட சுவருக்குள்ளே யார் கண்ணிலும் படாத இருட்டறைகள் பல உண்டாகிவிடுகின்றன. அந்த இருட்டில் எங்கேனும் ஓரிடத்தில் மரம் நனைந்து, நனைந்தது உலராமல் இருக்குமானால், அங்கே குடைந்து குடியேறும் இயல்புடைய ஒரு பெரிய எறும்பு அந்தக் கண்டத்தில் உண்டு. ‘கார்ப்பென்டர் ஆன்ட்’ என்று அங்கே வழங்கும் தச்செறும்பு அது. அதை வீட்டிலிருந்து அகற்றுவது எப்படி என்ற கேள்விக்கு நூறு வருஷத்துக்கு மேலாகப் பூச்சியியல் நிபுணர்களும், மருந்து வியாபாரிகளும், அவதிப்பட்ட வீட்டுக்காரர்களும் விடை கூறி வந்திருக்கிறார்கள். அந்த விடைகளையெல்லாம் ஒருசேர வைத்துப் பரிசீலிக்கும்போது, இதை வெறும் மருந்தைப் பற்றிய கேள்வியாக எடுத்துக்கொண்டதே பெரும்பாலான தோல்விகளுக்கு மூலகாரணம் என்ற முடிவுக்கு வராமல் இருக்க முடியவில்லை. மரம் ஏன் நனைந்தது என்பதும், தாய்க்கூடு எங்கே இருக்கிறது என்பதும் தெரியாத வரையில், எத்தகைய மருந்தும் தற்காலிக சாந்தியையே தரும்.

இந்த எறும்பு தமிழருக்கு முற்றிலும் அந்நியமானதன்று. 1861-ஆம் ஆண்டில் ஆஸ்திரிய விஞ்ஞானி குஸ்தாவ் மாயர் ‘காம்போனோட்டஸ்’ என்று பெயரிட்ட பேரினத்தில் இன்று ஆயிரத்துக்கு மேற்பட்ட இனங்கள் கணக்கிடப்பட்டிருக்கின்றன. நம் ஊர்த் தோட்டத்திலும் திண்ணையிலும் நெடிய கால்களை எட்டிவைத்து ஓடும் கட்டெறும்பும் அந்தப் பேரினத்தைச் சேர்ந்ததே. ஆனால் நம் கட்டெறும்பு பெரும்பாலும் மரத்தடி மண்ணில் வளை தோண்டி வாழ்வது; வீட்டின் உத்தரத்தையும் நிலையையும் குடைந்து கெடுப்பது அதன் தொழிலன்று. நம் நாட்டில் மரத்துக்குப் பகையாக வாய்த்தது கறையான். ஆகையால் யாழ்ப்பாணத்திலோ தஞ்சாவூரிலோ பிறந்து வளர்ந்து, இப்போது டொராண்டோ நகரத்து ஸ்கார்பரோவிலோ பக்கத்து மார்க்கம் நகரத்திலோ கடன்பட்டு ஒரு மரச்சட்ட வீட்டை வாங்கிக் குடியிருக்கும் ஒருவர், இரவில் சமையலறைத் தொட்டியருகே அரை அங்குல நீளமுள்ள கறுத்த எறும்பு ஒன்றைக் கண்டால், பழைய பழக்கத்தினால், கடித்தால் வலிக்கும் என்பதற்கு மேல் அதைப் பற்றி நினைக்கமாட்டார். அந்த அலட்சியம் நம் ஊருக்குப் பொருந்தும். அவர் இப்போது இருக்கும் வீட்டுக்குப் பொருந்தாது.

அங்கே வீடுகளில் குடியேறும் தச்செறும்பு ஓர் இனம் மட்டுமன்று. ஒன்டாரியோ, கியூபெக் மாகாணங்கள் உட்பட கிழக்குப் பிரதேசமெங்கும் மிகுதியாகக் காணப்படுவது, ஸ்வீடன் தேசத்துச் சார்ல்ஸ் டி கேர் 1773-இல் வருணித்த காம்போனோட்டஸ் பென்சில்வானிகஸ். மேற்கே வாஷிங்டன், ஆரிகன், பிரிட்டிஷ் கொலம்பியா முதலிய மழைக்காட்டுப் பிரதேசங்களில் அதன் ஸ்தானத்தை வகிப்பது காம்போனோட்டஸ் மோடாக். தெற்கே புளோரிடாவில் உள்ள இனமோ மரத்தைக் குடைவதில் அவ்வளவு சிரத்தை காட்டாமல், ஏற்கெனவே உள்ள பொந்துகளிலும் இடுக்குகளிலும் புகுந்துகொள்வது. இந்த வேற்றுமை ஏட்டுப் படிப்புக்கு மட்டும் உரியதன்று. 1908-இல் ப்ரைசர் என்பவர் இந்த எறும்பின் வாழ்க்கை வரலாற்றை விரிவாக ஆராய்ந்து வெளியிட்ட காலம் முதல், கிழக்கத்திய இனத்தின் முதிர்ந்த கூடு ஒன்றில் இரண்டாயிரம் மூவாயிரம் தொழிலாளி எறும்புகள் இருப்பது சாதாரணம் என்று அறிந்திருக்கிறோம். மேற்கத்திய மோடாக் இனத்திலோ அந்தத் தொகை பதினாயிரக் கணக்கிற்கு ஏறக்கூடும். வாஷிங்டன் மாநிலத்தில் லாரல் ஹான்சனும் ராஜர் ஏக்ரியும் நடத்திய ஆராய்ச்சிகளும், ஹான்சன் ஜான் கிளாட்ஸுடன் சேர்ந்து 2005-இல் வெளியிட்ட நூலும் இவ்விஷயத்தில் பெரிய தெளிவை உண்டாக்கின. ஆகவே, கிழக்கே ஒருவர் இரண்டு டப்பா மருந்தால் வீட்டைச் சுத்தம் செய்துவிட்டதாகச் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். அதை மேற்கே உள்ளவர் அப்படியே நம்பிக் கைக்கொண்டால் ஏமாந்து போவார்.

இந்த எறும்பு மரத்தைத் தின்கிறது என்ற மயக்கம் இன்னும் பலரிடம் இருக்கிறது. கறையான் தன் குடலில் வாழும் நுண்ணுயிர்களின் துணையால் மரத்தைச் சீரணிக்க வல்லது. தச்செறும்புக்கு அந்தச் சக்தி இல்லை. அசுவினிப் பூச்சிகள் கழிக்கும் தேன்துளி, பிற பூச்சிகளின் உடல், வீட்டுக்குள் அகப்படும் சர்க்கரை, இறைச்சி ஆகியவையே அதன் ஆகாரம். மரம் அதற்கு வாசஸ்தலம் மாத்திரமே. கடித்துப் பெயர்த்த துகளை அது வெளியே கொண்டுவந்து கொட்டிவிடும். ஜன்னல் விளிம்பின் கீழோ நிலவறை மூலையிலோ மரத்தூளும், அதனோடு கலந்து பூச்சிக் கால்களும், செத்த எறும்புகளின் தலைகளும், கண்ணாடிப் பஞ்சின் துணுக்குகளும் சிறு குவியலாகக் கிடந்தால், அதற்கு மேலே எங்கோ கூடு இருக்கிறதென்று கொள்ளலாம். அது குடைந்த வழிகள் உப்புத்தாளால் தேய்த்தாற்போல வழவழப்பாகவும் சுத்தமாகவும் இருக்கும். கறையானின் வழியிலோ மண்ணும் எச்சமும் அப்பியிருக்கும். வசந்தத்தில் இரண்டுக்கும் இறக்கை முளைத்த உருக்கள் வெளிப்படுவதால் அப்போது குழப்பம் அதிகமாகிறது. எறும்புக்கு இடை மிகக் குறுகி, உணர்கொம்பு முழங்கைபோல மடங்கி, முன்னிறக்கை பின்னிறக்கையைவிட நீண்டிருக்கும் என்பதை நினைவில் வைத்தால் போதும்.

சேதம் எத்தனை விரைவில் நேரும் என்பதில் அபிப்பிராய பேதம் உண்டு. மருந்து விற்பவர்கள் வீடே இடிந்து விழப்போவதாகப் பயமுறுத்துவதும், சில பழைய பிரசுரங்கள் இதை அற்ப விஷயமாக ஒதுக்கியதும் இரண்டும் மிகை. கறையானைவிட மெதுவாகவே இது மரத்தைக் கெடுக்கிறது. ஆனால் வருஷக்கணக்கில் கவனியாது விட்டால் அடிச்சட்டமும் தூலமும் உள்ளே கூடாகிப் போவது உண்மை. பெரும்பாலான வீட்டுக் காப்பீட்டு ஒப்பந்தங்கள் பூச்சியரிப்பால் நேரும் நஷ்டத்தை ஏற்பதில்லை என்பதையும் சேர்த்து எண்ணவேண்டும். இதிலிருந்து வீட்டுக்காரர் பெறவேண்டிய ஆறுதல் ஒன்று உண்டு: எறும்பைக் கண்ட அன்றே எதையாவது தெளித்தாக வேண்டும் என்ற அவசரத்துக்கு இடமில்லை, சில வாரங்கள் பொறுத்துத் தேடுவதால் மரம் எதுவும் புதிதாக விழுந்துவிடாது, தேடாமல் தெளிப்பதால் தேடுவதற்குரிய தடயம் அழிந்துவிடும்.

கூட்டின் அமைப்பு தெரிந்தால்தான் தேடுவதன் அருமை விளங்கும். வசந்த காலத்து மாலையில் பறந்து சென்று இணைசேர்ந்த ராணி தரையிலிறங்கி, இறக்கையைக் களைந்துவிட்டு, மரத்தில் ஒரு சிறு பொந்தைத் தேடி அடைத்துக்கொண்டு, தன் உடலில் சேமித்த சத்தைக் கொண்டே முதல் குஞ்சுகளை வளர்க்கிறது. முதல் வருஷத்தில் அந்தக் குடும்பத்தின் தொகை ஒன்றிரண்டு டஜனைத் தாண்டாது. இறக்கையுள்ள வாரிசுகளை அது வெளியே அனுப்பத் தொடங்குவதற்கு மூன்று முதல் ஆறு வருஷமாவது ஆகும். வீட்டுக்குள் இறக்கை எறும்புகள் ஜன்னல் கண்ணாடியில் மோதிக்கொண்டிருப்பதைக் காண்பவர், நேற்று வந்த விருந்தாளியைக் காணவில்லை. பல வருஷமாகத் தம்மோடு குடியிருப்பவரைக் காண்கிறார். இதற்குள் குடும்பம் பெருத்து, ராணியும் முட்டைகளும் இளம்புழுக்களும் இருக்கும் தாய்க்கூட்டை விட்டு, தொழிலாளிகள் முதிர்ந்த புழுக்களையும் கூட்டுப்புழுக்களையும் தூக்கிச் சென்று வேறிடங்களில் கிளைக்கூடுகளை அமைத்துவிடுகின்றன. முட்டையும் இளம்புழுவும் வறட்சியைத் தாங்கா. ஆகவே தாய்க்கூட்டுக்கு ஈரமான மரம் அவசியம். கிளைக்கூட்டுக்கு அது அவசியமில்லை. உலர்ந்த சுவரின் வெற்றிடம், உள்ளே பொள்ளலான கதவு, குளிர்காப்புக்காக வைத்த நுரைப்பலகை, எதிலும் அது அமையும். தாய்க்கூடு தோட்டத்து மரத்திலும், கிளைக்கூடுகள் வீட்டிலுமாக இருப்பது மிகச் சாதாரணம்.

மருந்துகளைப் பற்றிய புகார்களில் முக்காற்பங்குக்கு விளக்கம் இந்த ஏற்பாட்டிலேயே இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். படுக்கையறைச் சுவரில் இருந்த கூட்டை அழித்தவர், ஒரு மாதம் கழித்துக் குளியலறையில் எறும்பைக் கண்டு மருந்து போலி என்கிறார். மருந்து போலியன்று, அழிந்தது கிளை, வேர் அப்படியே இருக்கிறது. ராணி உயிரோடிருக்கும் வரையில் முட்டை நிற்பதில்லை. முட்டை நிற்காத வரையில் புதிய கிளைகளுக்குப் பஞ்சமில்லை.

தேடும் முறைகளில் மிகச் சிறந்தது இரவு நேரத்தில் பின்தொடர்வதே. தச்செறும்பு பகலில் சிலவே நடமாடும்; சூரியாஸ்தமனத்துக்குப் பின் நள்ளிரவு வரையில் அதன் சஞ்சாரம் உச்சமாக இருக்கும்; இரைதேடிக் கூட்டிலிருந்து தொண்ணூறு மீட்டர் வரை அது செல்வதுண்டு. கை விளக்கில் சிவப்புக் காகிதத்தை ஒட்டி வைத்துக்கொண்டால் எறும்பு கலவரப்படுவதில்லை, ஏனெனில் சிவப்பு ஒளியை அது நன்கு உணர்வதில்லை. ஒரு சிறு அட்டையில் நீர் கலந்த தேனை வைத்துப் பொறுமையாகக் காத்திருந்தால், வயிறு நிரம்பிய எறும்பு நேரே கூட்டை நோக்கித் திரும்பும். அது வேலிக்கட்டையின் மேலோ, தண்ணீர்க் குழாயின் ஓரமாகவோ, மின்கம்பியின் வழியாகவோ சென்று சுவரில் எந்த இடுக்கில் மறைகிறது என்பதைக் குறித்துக்கொள்ளவேண்டும். புழுக்களுக்குப் புரதம் தேவைப்படும் வசந்தத்தில் தேனைப் புறக்கணித்து, டூனா மீன் துண்டையோ கொன்ற பூச்சியையோ அது விரும்பலாம். சந்தேகப்படும் இடத்தில் சுவரைத் திருப்புளியின் கைப்பிடியால் தட்டிவிட்டுக் காதை வைத்துக் கேட்டால், கலைந்த எறும்புகள் எழுப்பும் மெல்லிய சரசரப்பு வெளியிலேயே கேட்கும். வைத்தியர் ஸ்டெதாஸ்கோப்பைக் கொண்டு கேட்பவர்களும் உண்டு. மரத்தின் ஈரத்தை அளக்கும் சிறு மின்கருவி ஒன்று கைவசமிருந்தால் வேலை பாதியாகக் குறையும்; நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல் ஈரம் காட்டும் மரம் இந்த எறும்புக்கு உகந்தது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு.

காலமும் ஒரு சாட்சி. வெளியே பனி உறைந்து கிடக்கும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வீட்டுக்குள் எறும்பு தொடர்ந்து நடமாடினால், கூடு வீட்டுக்குள்ளேயே இருக்கிறதென்று ஏறத்தாழ நிச்சயமாகச் சொல்லலாம். அடுப்புக்கென்று கொண்டுவந்து வைத்த விறகில் ஒளிந்திருந்தவை சூட்டில் விழித்துக்கொண்டு வெளிவந்திருக்கக்கூடும் என்ற ஒரு விலக்கு மட்டுமே அதற்கு உண்டு. கோடையில் காணும் எறும்பு அத்தகைய நிச்சயத்தைத் தராது. வெளியிலிருந்து இரைதேடி வந்ததாகவும் இருக்கலாம்.

இனி மருந்துகள். இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் வந்த தலைமுறையினர் குளோர்டேன் என்ற ரசாயனத்தைச் சர்வரோக நிவாரணியாகக் கருதி, தச்செறும்புக்கும் கறையானுக்கும் அதையே சுவருக்குள்ளும் மண்ணிலும் தாராளமாகப் பயன்படுத்தினார்கள். பல்லாண்டு அழியாமல் நிற்பது அதன் பெருமையாகப் பேசப்பட்டது. அதே குணம்தான் அதை மனிதரின் கொழுப்பிலும் தாய்ப்பாலிலும் தங்கச் செய்தது. அமெரிக்காவில் 1988-இல் அதன் உபயோகம் முற்றிலும் நிறுத்தப்பட்டது. அதன் பின் கோலோச்சிய குளோர்பைரிபாஸும் 2000-ஆம் ஆண்டு உடன்பாட்டின்படி வீடுகளிலிருந்து விலக்கப்பட்டது. டயாசினானுக்கும் அடுத்த சில ஆண்டுகளில் அதே கதி. எறும்பினால் மனித உயிருக்கு ஆபத்து நேர்வதில்லை எனலாம்; அதற்கு எதிராகக் குழந்தைகள் உறங்கும் அறைச் சுவருக்குள் இத்தகைய நஞ்சுகளை நாற்பது வருஷம் நிறைத்தார்கள் என்பதை எண்ணும்போது, நோயைவிடப் பரிகாரம் கொடியதாக இருந்த காலம் அது என்றே வருத்தத்துடன் சொல்லவேண்டும்.

இன்று கடையில் எளிதாகக் கிடைக்கும் தெளிப்பு மருந்துகளில் பெரும்பாலானவை பைரித்ராய்டு வகை. பட்ட எறும்பை உடனே கொல்வதால் வீட்டுக்காரருக்குத் திருப்தி உண்டாகிறது. ஆனால் வெளியே நடமாடுவது மொத்தக் குடும்பத்தில் ஒரு சிறு பங்கே. மிச்சம் ராணியோடு கூட்டில் இருக்கிறது. அன்றியும், பட்ட இடத்தை எறும்பு உணர்ந்து விலகி வேறு வழி தேடிக்கொள்கிறது. தரையோரமெங்கும் இதைத் தெளிப்பதை நான் ஆமோதிக்க மாட்டேன். லவங்கப்பட்டைத் தூளும் வினிகரும் பரிந்துரைக்கப்படுவதுண்டு. அவை தடத்தைச் சற்று மாற்றுவதோடு சரி.

கூடு இருக்கும் இடம் தெரிந்துவிட்டால் தூள் மருந்தைப் போல நேரான உபாயம் வேறில்லை. சட்டங்களுக்கு நடுவே வழக்கமான இடைவெளி பதினாறு அங்குலம். ஒவ்வொரு இடைவெளியிலும் மிகச் சிறிய துளையிட்டு, போரிக் அமிலத் தூளையோ வேறு போரேட் தூளையோ காற்றுத்துருத்தியால் மெல்லிய படலமாகப் படியும்படி ஊதவேண்டும். குவியலாக விழுந்தால் எறும்பு சுற்றிப் போய்விடும். படலமாக இருந்தால் உடலில் ஒட்டி, அது தன்னை நக்கிச் சுத்தம் செய்யும்போது வயிற்றுக்குள் செல்லும். மின் இணைப்புப் பெட்டியின் வழியாக ஊதுவோர் முதலில் மின்சாரத்தை நிறுத்தவேண்டும் என்பதையும், போரிக் அமிலம் குழந்தைகளுக்கும் வளர்ப்புப் பிராணிகளுக்கும் தீங்கற்றதன்று என்பதையும் அழுத்திச் சொல்லவேண்டும்.

கூடு எங்கே என்று தெரியாதபோது கைகொடுப்பது இரை மருந்து. எறும்பு உண்டதைத் தன் சமூக வயிற்றில் வைத்திருந்து, கூட்டில் உள்ளவற்றுக்கு வாயோடு வாய்வைத்துப் பகிர்ந்தளிக்கும் சுபாவமே இதற்கு ஆதாரம். இங்கே தெரிந்துகொள்ளவேண்டிய சூக்ஷ்மம், நஞ்சு வீரியம் குறைந்திருந்தால்தான் வெற்றி என்பது. புளோரிடா இனத்தை வைத்துக் கிளாட்ஸ் செய்த சோதனைகளில், சர்க்கரை நீரில் நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் கலந்த போரிக் அமிலமே மெதுவாகச் சென்று பலனளித்தது. வீரியம் மிகுந்தால் உண்ட எறும்பு வீட்டுக்குத் திரும்புமுன்பே செத்துவிடும், அல்லது உண்ணவே மறுக்கும். இன்டாக்ஸகார்ப், அபாமெக்டின் கலந்த கூழ் இரைகளும் கடைகளில் கிடைக்கின்றன. இரை வைத்த இடத்தருகே தெளிப்பு மருந்தைத் தெளிப்பவர் தம் காரியத்தைத் தாமே கெடுத்துக்கொள்கிறார். வீட்டின் வெளிச்சுவரைச் சுற்றி ஃபிப்ரோனில் போன்ற, எறும்பு உணர முடியாத மருந்தைப் பட்டையாக இடும் முறையை இப்போது தொழில்முறையினர் அதிகம் கையாளுகின்றனர். தாய்க்கூடு வெளியிலும் கிளைகள் உள்ளேயுமாக இருக்கும் வீட்டில், இரண்டுக்கும் நடுவே போகவர இருக்கும் எறும்புகள் அதன்மேல் நடந்து நஞ்சைச் சுமந்து செல்வதால், இது நல்ல பலனைத் தருகிறது என்பதை மறுப்பதற்கில்லை.

இத்தனையும் செய்து கூடு அழிந்த பிறகும் அந்த மரம் நனைந்தபடியே இருக்குமானால், அடுத்த வசந்தத்தில் பறந்துவரும் வேறொரு ராணிக்கு அது திறந்து வைத்த சத்திரமாகவே இருக்கும். ஆகவே தச்சரையும் கூரை வேலைக்காரரையும் குழாய் வேலைக்காரரையும் அழைக்கும் செலவை மருந்துச் செலவுக்கு முன்னால் வைத்து எண்ணவேண்டும் என்பதே என் துணிபு. இலை அடைத்து வழியும் கூரைத் தூம்பு, புகைபோக்கியின் அடியில் பிரிந்த தகரம், வண்ணம் உரிந்த ஜன்னல் அடிச்சட்டம், பூச்சு விட்டுப்போன குளியல் தொட்டியின் ஓரம், பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் பின்னால் துளித்துளியாகக் கசியும் குழாய் ஆகிய இவை எறும்பை அழைத்து வருகின்றன. வீட்டின் அடியில் தவழ்ந்து செல்லுமளவு இடமுள்ள வீடுகளில் மண்ணிலிருந்து எழும் ஆவி தரைச்சட்டங்களை நனைக்கிறது. மண்ணின்மேல் கனத்த பாலித்தீன் விரிப்பை மூடுவது சொற்பச் செலவில் முடியும் நற்காரியம். பூச்செடிக்கென்று மண்ணை வெளிப்பலகையை ஒட்டிக் குவிப்பது அங்கே மிகச் சாதாரணமான தவறு. பலகைக்கும் மண்ணுக்கும் நடுவே ஆறங்குலமாவது வெளி தெரியவேண்டும். அழுகிய சட்டத்தை வெட்டியெடுத்து, மருந்தூட்டிய புது மரத்தை வைக்கும்போது கூடும் அதனோடேயே வெளியேறுவதுண்டு. விறகை வீட்டை விட்டுத் தள்ளி, தரையில் படாமல் அடுக்குவதும் இதில் அடங்கும்.

இறுதியாகத் தோட்டத்து மரத்தைப் பற்றிய வழக்கு. முதிர்ந்த மேப்பிள் மரத்தின் அடியில் மரத்தூள் உதிர்ந்திருப்பதைக் கண்டு, தாய்க்கூடு அங்கேதான் என்று தெரிந்தவுடன், மரத்தை வெட்டிவிடத் துணிகிறவர் பலர். எறும்பு மரத்தைக் கொல்வதில்லை. என்றோ முறிந்த கிளையின் காயத்தின் வழியே காளான் நுழைந்து உள்வைரத்தை அழுகச் செய்த பின்னரே எறும்பு குடியேறுகிறது. காட்டில் விழுந்த மரங்களைக் குடைந்து மண்ணோடு சேர்ப்பதில் அதற்குப் பங்கு உண்டு. செங்கொண்டையுடைய பெரிய மரங்கொத்தியாகிய பிலியேட்டட் மரங்கொத்திக்கு இந்த எறும்பே பிரதான ஆகாரம். எறும்பைத் தேடி நீள்சதுரப் பள்ளங்களைச் செதுக்கும் அந்தப் பறவை தன் கூட்டுக்காகக் குடைந்த பொந்துகளில் பிற்பாடு வேறு பிராணிகள் குடியிருக்கின்றன. மேலும், இரைக்குத் தொண்ணூறு மீட்டர் நடக்கும் எறும்புக்கு அண்டை வீட்டுத் தோட்டமும் எட்டும் தூரமே. ஒரு மரத்தை வெட்டுவதால் அந்தத் தெருவின் எறும்புகள் அற்றுப்போவதில்லை. வீட்டின் கூரையையும் சுவரையும் தொடும் கிளைகளைக் கழித்து, வேலியும் கம்பியும் பாலமாகாதபடி பார்த்து, மரத்தடியில் அவற்றின் தடத்தில் இரை மருந்து வைத்தால் வீட்டுக்கும் மரத்துக்கும் உள்ள தொடர்பு அறுந்துவிடும். உள்ளே பொள்ளலான அடிமரம் புயலில் வீட்டின்மேல் சாயக்கூடும் என்ற நியாயமான அச்சம் இருந்தால், மரங்களைப் பரிசோதிக்கும் நிபுணர் ஒருவரிடம் காட்டி அவர் சொல்லை அனுசரிக்கலாம். எறும்பு இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக வெட்ட வேண்டியதில்லை.